இரண்டு காதுக்கு இரண்டு சுருதி

ஒத்திகை முடிந்து வயலினைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அறை சுழல ஆரம்பித்துவிட்டது. பசியோடு வாசித்த நாட்களில் கண் இருட்டிக்கொண்டு வந்ததுண்டு. இது அந்த மாதிரிக் கிறுகிறுப்பு இல்லை. சுவர் இடமிருந்து வலமாக ஓடியது, ஓடி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. கண்ணை மூடினால் சுவர் நின்றது, நான் சுற்றினேன். குப்புறப் படுத்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்துக்கொண்டேன். வாந்தி, வியர்வை. மொத்தம் இரண்டரை மணி நேரம். சுழற்சி நின்ற பிறகும் அன்று இரவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடது காது அடைத்திருந்தது, குளிக்கும்போது தண்ணீர் புகுந்த மாதிரி. எங்கோ தூரத்தில் மோட்டார் ஓடுவது போல உள்ளே ஓர் இரைச்சலும் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை, முதலில் பார்த்த மருத்துவரிடம்கூட. நான் செய்த தப்புகளில் பெரியது அதுதான், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். தலை சுற்றுகிறது என்று சொல்ல வாத்தியக்காரர் யாருக்கும் கூச்சம் கிடையாது. காது சரியில்லை என்று சொல்லத்தான் வாய் வராது. சொன்னால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

காதை மறைத்துச் சொன்னதால் மருத்துவர் மிகச் சாதாரணமான காரணத்தைத்தான் நினைத்தார். உட்காதின் சமநிலை உறுப்பில் நுண்ணிய கால்சியத் துகள்கள் இருக்கின்றன. அவை கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகம் சுற்றும். எப்லி முறை என்று ஒன்று உண்டு. தலையை ஒரு வரிசைப்படி திருப்பித் திருப்பிப் படுக்க வைத்துத் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். ஆனால் அந்தச் சுற்றல் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு மணிக்கணக்கில் நீடித்தது. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்தவர் கழுத்து எலும்பைச் சந்தேகித்தார். வயலின்காரர்களுக்குக் கழுத்து வலி எப்போதும் உண்டு என்பதால் அதுவும் பொருத்தமாகத்தான் பட்டது. இப்படியே ஒன்பது மாதம் போயிற்று.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு தடவை வரும்போதும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நின்றது, அதற்கு முன்னும் பின்னும் காது எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார். எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கே வரிசை தெரிந்தது. அடைப்பு, இரைச்சல், சுற்றல், அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இடது காதில் மந்தம். ஆறு வாரத்தில் நான்கு தடவை வந்திருந்தது. மிகக் குறைவான நேரம் நாற்பது நிமிடம், மிக அதிகம் ஐந்து மணி நேரம். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார். “காது கேட்குறது குறைஞ்சிருக்கா?” ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு வெகு நேரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்கும் திறனைச் சோதிக்கிற அறை கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. ஹெட்போனில் ஒவ்வொரு சுரமாக வரும், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். தாழ்ந்த 250 ஹெர்ட்ஸிலிருந்து உச்சத்தில் 8000 ஹெர்ட்ஸ் வரை. வலது காதில் எல்லாம் வந்தது. இடது காதுக்கு மாற்றியதும் அறை காலியாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியியலாளரின் கை அசைவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தபோது அது சுரமாகவே இல்லை, ஏதோ கரகரப்பு. வரைபடத்தில் 250-லும் 500-லும் கோடு 50 டெசிபல் கீழே கிடந்தது, சுரம் மேலே போகப் போக ஏறியது. நான் எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறானது. சத்தத்தால் காது கெட்டால் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும். இத்தனை வருடம் இடது காதை ஒட்டியே வயலின் வாசித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்றது அந்தக் கோடு. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மெனியர் நோய் என்றார் மருத்துவர். இந்த மாதிரிச் சுற்றல் மூளையிலிருந்து இல்லை, உட்காதிலிருந்தே வரலாம் என்று 1861-ல் சொன்ன பிரெஞ்சு மருத்துவர் பிராஸ்பர் மெனியரின் பெயர். கேட்பதற்கும் சமநிலைக்குமான உறுப்புகள் உட்காதில் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, உள்ளே ஓடும் நீரும் ஒன்றே. அந்த நீர் சேர்ந்து சவ்வு உப்பும்போது இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. ஏன் சேருகிறது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே காரணம் கிடையாது. 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் குறைந்தது இரண்டு தடவையாவது தானாக வந்திருக்க வேண்டும், தாழ்ந்த அல்லது நடுத்தர சுரங்களில் கேட்கும் திறன் குறைந்திருப்பது சோதனையில் தெரிய வேண்டும், அடைப்போ இரைச்சலோ கூடிக் குறைய வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். என் நோட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்த ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். இல்லை.

மருந்துப் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உப்பைக் குறைத்தேன். பீட்டாஹிஸ்டின் மாத்திரை எழுதித் தந்தார், கூடவே ஒரு செய்தியும் சொன்னார். 221 பேரை வைத்து நடத்தி 2016-ல் வெளியான சோதனையில் அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு பக்கமும் சுற்றல் ஒரே அளவு குறைந்ததாம். “அப்புறம் எதுக்கு டாக்டர்?” என்றேன். சிலருக்கு உதவுகிற மாதிரி இருக்கிறது, பக்க விளைவு குறைவு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். பார்த்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி. ஜென்டாமைசின் ஊசி என்றும் ஒன்று இருக்கிறது. அது அந்தப் பக்கத்துச் சமநிலை உறுப்பையே மழுங்கடித்துச் சுற்றலை நிறுத்தும், ஆனால் கேட்கும் திறனையும் தின்றுவிடக்கூடும். வாத்தியக்காரருக்கு அது கடைசிப் படி என்று இருவருமே ஒப்புக்கொண்டோம். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு நான்கு மாதம் சுற்றல் வரவில்லை.

சுற்றல் நின்ற பிறகுதான் உண்மையான தலைவலி ஆரம்பித்தது.

ஒருநாள் சாதகத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைப் போட்டேன். ஏதோ பிசகு. வலது காதைப் பொத்திக் கேட்டேன், இடது காதைப் பொத்திக் கேட்டேன். ஒரே ஷட்ஜம், அதாவது அடிப்படைச் சுரமான ‘ச’, இடது காதில் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிக் கேட்டது. பெட்டி ஒன்று, சுருதி இரண்டு. உட்காது கெட்டவர்களுக்கு இது நேர்வதுண்டு, பேச்சு ஒழுங்காகக் கேட்டால் பலர் இதைக் கவனிப்பதேயில்லை. எனக்கோ பிழைப்பே அதில்தான். போன மாதக் கச்சேரியில் பாடகர் இரண்டு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவர் இறங்கிவிட்டார் என்று நினைத்து நான் பெரிய மனதோடு மன்னித்திருந்தேன். பதிவை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டேன். ஏறியிருந்தது நான்.

ஹூயி லூயிஸ் என்ற அமெரிக்கப் பாடகர் இதே நோயால் சுருதி பிடிபடாமல் 2018-ல் கச்சேரிகளை ரத்து செய்த செய்தியை அன்று இரவு படித்தேன். படித்திருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் காது போன பிறகும் இசையமைத்த பீத்தோவனைச் சொல்லித் தேற்றினார்கள். அவரே 1814-க்குப் பிறகு மேடையில் பியானோ வாசிப்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை. இசையை எழுதுகிறவர் மனசுக்குள் கேட்டால் போதும். நான் இன்னொருவருடைய சுருதிக்குள் போய் உட்கார வேண்டும்.

வழி பிடிபட ஏழு மாதமாயிற்று. வீணையில் இருப்பது போல வயலினில் விரல் வைக்கிற இடத்தைக் காட்டும் மெட்டு கிடையாது, காதுதான் மெட்டு. அந்தக் காது பொய் சொன்னால் வேறு சாட்சி வேண்டும். கிடைத்த முதல் சாட்சி தந்திதான். ஒரு தந்தியில் ஷட்ஜத்தைச் சரியான இடத்தில் பிடித்தால், தொடாமல் கிடக்கும் ஷட்ஜத் தந்தி தானாக நடுங்கும். மயிரிழை விலகினாலும் நடுக்கம் குறைந்துவிடும். கண்ணால் பார்க்கலாம், வயலின் உடம்பில் படுகிற இடத்தில் உணரவும் செய்யலாம். ஏழு வயதில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் காட்டியதுதான், அப்போது வேடிக்கையாகப் பார்த்ததோடு சரி. பஞ்சமத்துக்கும் அப்படியே. காந்தாரம், தைவதத்துக்கு அந்த உதவி கிடையாது. அங்கே விரலின் பழக்கமும் வலது காதும்தான். பாஷை தெரியாத ஊரில் தெரிந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து நடப்பது போல, ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போய்ச் சேர்ந்தால் நடுவில் வந்ததும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வாசித்தேன்.

இரண்டாவது, பொய் சொல்கிற காதை அடக்குவது. சாதாரணப் பஞ்சு அடைப்பான் மேல் சுரங்களை அதிகமாக விழுங்கிவிடும், வயலின் போர்வைக்குள் வாசிப்பது போலக் கேட்கும். இசைக்காரர்களுக்கென்று எல்லா சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிற அடைப்பான் உண்டு. 15 டெசிபல் குறைப்பதை இடது காதில் மட்டும் போட்டுக்கொண்டேன். சுருதிப் பெட்டியை வலப்பக்கம் மாற்றினேன். ஆரம்பத்தில் சுருதி சேர்க்க வாத்தியத்தில் மாட்டுகிற ட்யூனர் போதும். அது மரத்தின் அதிர்வைப் படிப்பதால் பக்கத்தில் யார் வாசித்தாலும் குழம்பாது.

காது கேட்கும் கருவி தனிக் கூத்து. முதல் நாள் நீளமாக ஒரு வில் போட்டேன். கருவி அதைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்த்தது. என் பஞ்சமம் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தது. இந்தக் கருவிகளைப் பேச்சுக்காகச் செய்கிறார்கள். இசையின் உச்சம் பேச்சைவிட வெகு தூரம் மேலே போகும், உள்ளே நுழையும்போதே ஒலி நசுங்கிவிடும். அடுத்த தடவை வயலினையே எடுத்துக்கொண்டு போனேன். இசைக்கென்று தனித் திட்டம் ஒன்று போட்டு, இரைச்சல் குறைப்பை நிறுத்தி, விசில் தடுப்பைத் தளர்த்தி, ஒலியை அமுக்குவதைக் குறைத்து, வாசித்து வாசித்துச் சரிசெய்தோம். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. இப்போது ஒத்திகையில் பேசும்போது கருவி, வாசிக்கும்போது பெரும்பாலும் அடைப்பான். மெல்லிய ஒலி காதிலேயே விழாமல், கொஞ்சம் கூடினால் தாங்க முடியாமல் போவதும் இந்த நோயின் ஒரு குணம். கைதட்டல் சில நாள் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கும்.

சமநிலைக்குப் பயிற்சி. கட்டை விரலைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டுவது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது. இது அடுத்த சுற்றலைத் தடுக்காது. சுற்றலுக்கும் சுற்றலுக்கும் நடுவில் இருக்கும் தள்ளாட்டத்துக்குத்தான் மருந்து. கண், கால், உட்காது மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் தாங்க வேண்டும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பழக்கத்தை விட்டேன். ரசிகர்களுக்கு அது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு தடவை காலையில் எழுந்தபோது இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. பழகிப்போனதுதானே என்று நான்கு நாள் சும்மா இருந்துவிட்டேன். மருத்துவர் திட்டினார். திடீரென்று காது போனால் அது அவசரம், ஏற்கெனவே நோய் இருந்தாலும் சரி, அன்றைக்கே வர வேண்டும், ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன். பாதிக்கு மேல் திரும்பியது. மிச்சம் திரும்பவில்லை.

பாடகரிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். “இதையா இவ்வளவு நாள் மறைச்சீங்க? நான் என் குரல்தான் போயிடுச்சோன்னு பயந்துட்டிருந்தேன்” என்றார். அவர் என் வலப்பக்கம் உட்காரும்படி இடத்தை மாற்றிக்கொண்டோம். சுழலும் விளக்கு வேண்டாம் என்று மேடைக்காரர்களிடம் அவரே சொல்லிவிடுவார். நான் வில்லை மடியில் குறுக்கே வைத்தால் எனக்கு அடைப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் வைத்தேன். அவர் திரும்பாமலே ஒரு கையசைவில் தாளக்காரருக்குச் சொல்ல, அவர் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கிற தனி ஆவர்த்தனத்தை முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். நான் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தேன். பதினைந்து நிமிடம். சுற்றல் வரவில்லை, அடைப்பு மட்டும் கொஞ்சம் விட்டது. வில்லை எடுத்தேன்.

கச்சேரி முடிந்து வாத்தியங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தாளக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, “அந்த டெஸ்ட் எங்க எடுத்தீங்க? எனக்கு ரெண்டு வருஷமா வலது காதுல ஒரே இரைச்சல்” என்றார். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து ஒலியியலாளரின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாடகர் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”