13 பேர் லைன்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 2, 2025, திங்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தைக்கும் லைன் ஒன்று. ஓவர்லாக் (துணி ஓரங்களைப் பிணைத்துத் தைக்கும் மிஷின்) 5, சிங்கர் (சாதாரணத் தையல் மிஷின்) 2, பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மிஷின்) 2, கைமடி ஆட்கள் (பீஸைக் கட்டி எடுத்துக்கொடுக்கும் உதவியாட்கள்) 2, செக்கிங் 2. மணிக்கு 100 பீஸ் டார்கெட், வருவது 87.

"ஆள் பத்தலைங்க" என்பதுதான் முதலில் காதில் விழும். ஆள் கேட்பதற்கு முன்னால், மிஷின்களுக்கு இடையில் கிடக்கும் பண்டிலை (பீஸ் கட்டை) எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டைக்குக் கை வைக்கிற ஓவர்லாக் முன்னால் 6 பண்டில் கிடக்கிறது. அடுத்து சைடு (பக்கவாட்டுத் தையல்) அடிக்கிற இரண்டு பேரும் பீஸ் வராமல் பிசிறு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் தேவையில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இன்று நேரம் எடுத்தாயிற்று. ஸ்டாப்வாட்சைக் கண்டதும் ரேட்டைக் குறைக்கப்போகிறார்கள் என்று டெய்லர்கள் நினைப்பது இயல்பு. காரணத்தைக் காலையிலேயே எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எடுத்தால் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார்கள், கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும். ஒரு ஆளுக்கு 12 பீஸ் பார்த்து, முதல் இரண்டை விட்டுவிட்டு மீதி பத்தின் சராசரி:

ஷோல்டரும் ரிப் (கழுத்துப் பட்டி) ஜாயின்டும் சேர்த்து 26 விநாடி, கழுத்து ரிப் 25, டேப்பும் லேபிளும் 50 (இரண்டு சிங்கர்), கை மடிக்க 22, கீழ் மடிக்க 20, கை வைக்க 34, சைடு 48 (இரண்டு ஓவர்லாக்). மொத்தம் 225.

மணிக்கு 100 என்றால் ஒரு பீஸுக்கு 36 விநாடி. கை வைப்பவர் 34-இல் முடிக்கிறாரே, பிறகு ஏன் அடைக்கிறது? நூல் அறுவது, நூல் கோன் மாற்றுவது, பண்டில் அவிழ்த்துக் கட்டுவது எல்லாம் அந்த 34-க்குள் இல்லை. அதையும் சேர்த்தால் 41 ஆகிறது. 3600-ஐ 41-ஆல் வகுத்தால் 87 பீஸ். மற்ற எட்டுப் பேரை எவ்வளவு விரட்டினாலும் லைன் 87-ஐத் தாண்டாது.

கை, சைடு இரண்டையும் ஒரே வேலையாக எடுத்தால் 82 விநாடி, மூன்று பேர். நூல் அறுவதற்கெல்லாம் அதே விகிதத்தில் சேர்த்தாலும் ஆளுக்கு 33-க்குள் வரும். மணிக்கு 110-க்குக் கிட்டே போகலாம், புது ஆள் வேண்டாம். ஆனால் மூன்று பேருக்கும் இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

பழக்குவதற்கு முன்னால் கூலியைப் பேசி முடிக்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது. பீஸ் ரேட்டில் ஓட்டுபவரிடம் "ஏனுங்க அக்கா, கை வைக்கப் பழகிக்குங்க" என்றால், பழகுகிற அரை மணி நேரக் காசு அவருக்கு நஷ்டம். கற்றுக்கொடுப்பவருக்கும் நஷ்டம். இரண்டு பேருக்கும் அந்த நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கூலி என்று முதலாளியிடம் வாங்கிவிட்ட பிறகே பேச்சை எடுக்க வேண்டும்.

டீ முடிந்து 4 மணிக்கு அரை மணி. சைடு அடிப்பவருக்கு ஓவர்லாக் கை ஏற்கெனவே உண்டு, வளைவுதான் புதுசு. முதல் இரண்டு நாள் வேஸ்ட் துணியில் வளைவு மட்டும். பிறகு ரிஜெக்ட் பேனலில் (கழித்துப்போட்ட வெட்டுத் துண்டில்) 20 கை. கையின் நடு வெட்டு ஷோல்டர் தையலில் சரியாக உட்கார வேண்டும். மேல் துணியை இழுத்துக்கொடுத்தால் அக்குளில் அலை விழும். துண்டுகளில் ஒட்டிய ஸ்டிக்கர் நம்பர் மாறினால் ஒரே சட்டையில் இரண்டு ஷேடு. இவை சரியாக வந்த பிறகே நல்ல துணியில் ஒரு பண்டில். அதுவரை வேகம் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வது பாதிதான் போய்ச் சேரும். சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று, இரண்டையும் மிஷினுக்கு மேல் தொங்கவிட்டால் போதும்.

ஜூன் 6, வெள்ளி

ஷோல்டரில் ஓட்டை. ஊசி முனை மழுங்கி இழையை அறுத்திருக்கிறது. செக்கிங்கில் பிடிபடுவதற்குள் 120 பீஸ் தாண்டிவிட்டது, ஏனென்றால் நடுவில் 20 பீஸ் பண்டில் ஆறு தேங்கிக் கிடந்தது. இனி பண்டிலுக்கு 10, ஒரு மிஷின் முன்னால் இரண்டு பண்டிலுக்கு மேல் கூடாது. கைமடி ஆட்களுக்குக் கட்டுகிற வேலை இரட்டிப்பாகும், முணுமுணுப்பார்கள். அது நியாயமும்தான். ஆகவே கட்டுத்துணியைச் செக்கிங் ஆட்களே வெட்டி வைத்துவிடுவது என்று ஏற்பாடு.

தப்புப் பீஸை லைன் நடுவே தூக்கிப் பிடித்துக் கத்தினால், அடுத்த தடவை அந்தப் பீஸ் பண்டிலுக்கு அடியில் போய்விடும். அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, பத்து நிமிடத்துக்குள் அந்த மிஷினுக்கே கொண்டுபோக வேண்டும். பார்க்க வேண்டியது முதலில் ஊசி, அப்புறம் நூல் டென்ஷன், அதற்கப்புறம்தான் டெய்லரின் கை.

ஜூன் 9, திங்கள்

சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை இரண்டு பேர் வரவில்லை. எதிர்பார்த்ததுதான். கீழ் மடிப்பவர் இல்லை. கை மடிப்பவரே இரண்டையும் ஓட்டினார், 42 விநாடி. ஷோல்டருக்கு வர ஆளில்லாமல் காலை இரண்டு மணி நேரம் வீண்.

ஜூன் 14, சனி

யாருக்கு எந்த வேலை தெரியும் என்று தூணில் அட்டை மாட்டியாயிற்று. ஒன்பது டெய்லர், ஏழு வேலை. திருத்திக்கொடுத்தால் செய்வார் என்றால் அரைக்கோடு, வேகத்தோடு செய்வார் என்றால் முழுக்கோடு, பிறருக்குக் கற்றுத்தருவார் என்றால் வட்டம். எந்த வேலைக்கும் இரண்டு முழுக்கோடாவது இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் மிஷின் நம்பர் போட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம், வட்டம் வாங்கியவர் தன் பெயரைத்தான் தேடுவார்.

இன்று மணிக்கு 104. கை வைக்க ஒரு முழுக்கோடு, இரண்டு அரைக்கோடு. கழுத்து ரிப்புக்கு இன்னும் ஒரே ஆள்தான். திங்கட்கிழமை 4 மணிக்கு அதிலிருந்து தொடங்க வேண்டும், அவர் வந்தால்.