காய்ந்த மேய்ச்சல் நிலத்தில் புல் விதையை முளைக்க வைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் பொலொக்வானே நகரத்தைத் தாண்டி வடக்கே போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். ஆண்டுக்கு 500 மி.மீ.கூடத் தேறாது. வருவதிலும் பெரும்பகுதி நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில், அதாவது இந்த ஊர்க் கோடையில், இடியும் மின்னலுமாகக் கொட்டி ஓடிவிடும். என் மாமனாரின் மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம்தான். அவருடைய முன்னோர்கள் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். விரும்பிய இடத்தில் நிலம் வாங்கலாம் என்ற நிலை நம்மவர்களுக்கு 1991-இல் இனம் பார்த்து நிலம் ஒதுக்கிய பழைய சட்டங்கள் நீக்கப்பட்ட பிறகுதான் வந்தது. மாமா வாங்கியபோதே அது மேய்ந்து தேய்ந்த நிலம். விடத்தலை புதராக மண்டியிருந்தது, இடையிடையே செம்மண் மொட்டையாகக் கிடந்தது. அந்த மொட்டைத் திட்டுகளில் இந்த மண்ணுக்கே உரிய தீவனப் புற்களை மறுபடி கொண்டுவர நாங்கள் செய்ததை எழுதுகிறேன். விதையைத் தூவிவிட்டால் மழைக்குத் தானாக வந்துவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

நான் காங்கயம் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் வளர்வது கொழுக்கட்டைப் புல். இங்கே வந்து பார்த்தால் அதே புல் சாலையோரத்தில் நிற்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பஃபல் கிராஸ் என்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரைக்கும் இயற்கையாகவே பரவிய புல் அது. நம்மூரில் கரணை வாங்கி நடுகிற கினியாப் புல்லுக்கும் ஆப்பிரிக்காதான் தாயகம், இங்கே மர நிழலில் தானாக வளர்கிறது. மாமா ஆசைப்பட்ட மூன்றாவது புல் ரோய்கிராஸ். முற்றினால் செம்பழுப்பாகிவிடும். மேய்ச்சல் அளவு மீறினால் முதலில் காணாமல் போவதும் அதுதான். அது நிற்கிற நிலத்தை வைத்தே அந்த நிலத்தின் நலத்தைச் சொல்லிவிடலாம் என்பது மாமாவின் கணக்கு.

கொழுக்கட்டைப் புல் விதை கடையிலேயே கிடைக்கும். மொலோப்போ என்ற ரகம் இங்கே வெகுகாலமாக விற்பனையில் இருக்கிறது. ஒரு மூட்டை வாங்கி, தூவுவதற்கு முன் தட்டில் ஈரத்தாள் விரித்துச் சோதித்தோம். பேருக்குத்தான் முளைத்தது. விற்றவரைக் கேட்டால், மழை வந்தால் வரும் என்று சொல்லிவிட்டார். நகத்தால் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. விதை என்று நாம் கையில் அள்ளுவது முள்மயிர் சூழ்ந்த ஒரு சின்னக் கூடு. மணி அதற்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த மூட்டையில் பாதிக்கு மேல் வெறுங்கூடு. அதனால் யாரிடம் வாங்கினாலும், ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மெதுவாக ஊதிப் பாருங்கள். மயிரும் உமியும் பறந்த பிறகு கையில் மணி நிற்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். எடையை வைத்து விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் நாங்களே சேகரிக்க ஆரம்பித்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு கேம்ப்பை, அதாவது வேலியடைத்த ஒரு மேய்ச்சல் துண்டை, மாடு விடாமல் ஓய்வுக்குப் போட்டிருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போனோம். கொழுக்கட்டைப் புல்லில் கதிரை அடியில் பிடித்து மேல்நோக்கி உருவ வேண்டும். பழுத்திருந்தால் கூடுகள் தடையில்லாமல் கையோடு வந்துவிடும், தண்டு மட்டும் நெளிநெளியாக நிற்கும். இழுக்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள், அது இன்னும் பச்சை. கினியாப் புல் பொறுமையைச் சோதிக்கும். ஒரே கதிரில் ஒரு பக்கம் உதிர்ந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் பச்சையாக இருக்கும். கதிரைத் துணிப்பைக்குள் வளைத்துக் குலுக்கி, விழுவதை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

ரோய்கிராஸ் விதை தனி அழகு. கறுத்த மணியின் ஒரு முனையில் கூர்மையான ஊசி, மறுமுனையில் நீண்டு முறுக்கிய வால். சாப்பாட்டு மேசையில் ஒன்றை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். வால் மெல்ல முறுக்கு அவிழ்ந்து சுழல ஆரம்பித்தது, மணி மேசையில் புரண்டு நகர்ந்தது. காய்ந்ததும் மறுபடி முறுக்கிக்கொண்டது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வரும்போது இந்தச் சுழற்சியாலேயே அது மண் வெடிப்புக்குள் தன்னைத் திருகி இறக்கிக்கொள்கிறது. என் மகள் அன்று முழுக்க அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். நல்ல மணி உள்ள விதையாகவே இருந்தாலும் பறித்த புதிதில் முளைக்காது. இந்த மூன்று புல்லுக்குமே உறக்கக் காலம் உண்டு. கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். மணிக்குள்ளேயே ஒரு தடை இருக்கிறது, அது காலப்போக்கில் தளரும். மேலே மூடிய உமியும் இன்னொரு தடை. பலரும் விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். நெடுநாள் பாதுகாக்க அது சரி. உறக்கம் தெளிய வேண்டுமென்றால் அது எதிர்வேலைதான் செய்யும், ஏனென்றால் உலர்ந்த சூட்டில்தான் இந்த உறக்கம் சீக்கிரம் தெளியும். நாங்கள் துணிப்பையில் கட்டி, ஆண்டை எழுதி, தகரக் கூரை போட்ட கிடங்கில் தொங்கவிட்டோம். எலி ஏறாமல் கம்பியில் தொங்கவிடுவது அவசியம். பிளாஸ்டிக் பை கூடாது, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

சோதனைக்குப் பெரிய கூடம் எதுவும் வேண்டாம். தட்டு, ஈரத்தாள், தட்டுக்கு 50 மணி போதும். இரவில் 20 டிகிரி, பகலில் 30 என்று வெப்பம் ஏறி இறங்க வேண்டும். ஒரே வெப்பத்தில் வைத்தால் பல விதைகள் எழுந்திருக்காது. இந்த ஊர்க் கோடையில் வெராண்டாவே அந்த வேலையைச் செய்துவிடும். தட்டை 28 நாள் வரைக்கும் கவனியுங்கள், ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீருக்குப் பதில் லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து நனைப்பது விதைச் சோதனைக் கூடங்களில் உள்ள வழக்கம். அரை உறக்கத்தில் இருக்கிற விதையை அது எழுப்பும். எங்கள் தட்டுகளில் அதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிந்தது உமி நீக்கிய மணியில்தான். பழைய விதை, உமி இல்லாத மணி, இந்த இரண்டும் சேர்ந்த தட்டு சில நாளிலேயே பச்சை கட்டிவிட்டது. புதிய விதை இருந்த தட்டு அப்படியே கிடந்தது.

ரோய்கிராஸுக்குப் புகைநீர். இதில் தென்னாப்பிரிக்காவின் பங்கு பெரியது. தீயில் வளர்ந்து பழகிய செடிகளின் விதையைப் புகை எழுப்புகிறது என்று 1990-இல் கேப் பகுதியில் காட்டினார்கள். ரோய்கிராஸ் விதையும் அப்படியே எழுகிறது என்று 1994-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புகையில் அந்த வேலையைச் செய்யும் மூலக்கூறை 2004-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. நம்மவர்கள் இத்தனை தலைமுறையாக வாழ்கிற ஊரில் நடந்த வேலை இது. அதை நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

புகைநீரை நாங்களே தயாரித்தோம். மூடி போட்ட டிரம்மில் காய்ந்த புல்லைப் புகைய விட்டு, அந்தப் புகையைக் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் செலுத்தினால் தேநீர் நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். அதை அப்படியே ஊற்றக் கூடாது. கெட்டியாக இருந்தால் முளைப்பையே தடுத்துவிடும். நூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று தண்ணீர் கலந்து தனித்தனித் தட்டில் பார்த்து, எது சரியாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் புகையின் செறிவு மாறும் என்பதால் போன முறை அளவை நம்பக் கூடாது. விதையை ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தினோம்.

தட்டில் எல்லாம் முளைத்ததும் மாமா உற்சாகமாகிவிட்டார். "மாப்பிள்ளை, இருக்கிற விதை எல்லாத்தையும் இப்படியே உரிச்சு, ஊறவெச்சுப் போட்டுடுவோம்" என்றார்.

"வேண்டாம் மாமா, பாதியைக் கூட்டோடவே விடுவோம்" என்றேன்.

காரணம் இந்த ஊர் மழை. அக்டோபர் கடைசியில் ஒரு மழை பெய்து மண் நனையும். அதற்கப்புறம் மூன்று வாரம் வெயில் கொளுத்தும். முதல் மழையை நம்பி எழுந்த நாற்று அவ்வளவும் கருகிவிடும். விதையின் உறக்கம் அதற்கான காப்புதான். ஒரே விளைச்சலில் சில விதை இந்த ஆண்டு எழும், சில அடுத்த ஆண்டு எழும். எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்பிவிட்டால் ஒரே மழையின் கையில் மொத்தத்தையும் கொடுத்தவர்களாகிவிடுவோம். முளைப்புத் திறன் சதவீதத்தை மட்டும் பார்த்து விதையைப் பாராட்டுவது பாசன வயலுக்குச் சரி, மானாவாரி மேய்ச்சலுக்குச் சரிவராது என்பது என் உறுதியான கருத்து. மாமா யோசித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். பாதியை உமி நீக்கியும் பாதியைக் கூட்டோடும் கலந்தோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பக்கத்தில் ஆடு மேய்க்கும், இந்தப் பகுதியின் பெடி இனத்தைச் சேர்ந்த பாட்டி ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. விழுந்து கிடந்த ஒரு முள்கிளையைத் தூக்கிக் காட்டினார். அடியில் புல் நாற்று நின்றது, ஒரு முழம் தள்ளி மண் பாறையாக இருந்தது. அதையே பின்பற்றினோம். மொட்டை மண்ணில் மேலே ஓடு கட்டியிருக்கும், மழை பெய்தால் நீர் இறங்காமல் வழிந்துவிடும். கொத்தால் அந்த ஓட்டை உடைத்து, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் சின்னச் சின்னக் குழிகள் எடுத்தோம். விதையைக் குழியில் தூவி விரலால் கிளறினால் போதும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் வெளியே வராது. மேலே வெட்டிய விடத்தலைக் கிளைகளைப் போட்டு மூடினோம். நிழல் கிடைக்கும், காற்றில் வரும் தூசியும் விதையும் தங்கும், ஆடும் கினிக்கோழியும் கிட்ட வராது. ஒன்று சொல்ல வேண்டும், விடத்தலையை வெட்டினால் அடியிலிருந்தும் வேரிலிருந்தும் மறுபடி துளிர்க்கும். துளிரைத் தொடர்ந்து ஒடிக்காவிட்டால் முன்னைவிடப் புதராகிவிடும்.

விதைத்தது நவம்பர் நடுவில், மழை நிலைத்த பிறகு. நாற்று எழுந்ததும் கவலை தீராது. முளைத்த புல்லுக்கு முதலில் ஒரே ஒரு மெல்லிய வேர்தான். அதை வைத்துக்கொண்டு அது நெடுநாள் தாங்காது. தண்டின் அடியிலிருந்து இரண்டாவது வேர்க்கூட்டம் கிளம்ப வேண்டும். அந்த வேர்கள் கிளம்பும் நேரத்தில் மேல்மண் தொடர்ந்து சில நாள் ஈரமாக இருந்தாக வேண்டும். காய்ந்த மேல்மண்ணுக்குள் அவை இறங்காது. எங்கள் திறந்த குழிகளில் நாற்றுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் போயின. கிளை மூடிய குழிகளில் ஈரம் கூடுதலாக நின்றது, அங்கே தப்பின. பிப்ரவரியில் சில நாற்றைத் தோண்டிப் பார்த்தேன். பிழைத்தவற்றில் அடியில் தடித்த வெள்ளை வேர்கள் சுற்றிலும் இறங்கியிருந்தன.

கரையானும் பங்கு கேட்டது. இங்கே ஒரு வகை பட்டப்பகலில் வெளியே வந்து புல்லை அறுத்து இழுத்துக்கொண்டு போகும். மருந்தடிக்கலாமா என்று மாமா கேட்டார். அவை மொட்டை நிலத்தில்தான் அதிகம் பெருகும், புல் மூடினால் குறையும் என்பதால் பொறுத்துக்கொண்டோம்.

அடுத்த கோடையில், நாங்கள் மறுபடி விதைக்காத குழிகளிலும் புதிய நாற்றுகள் எழுந்தன. கூட்டோடு போட்ட விதைகள் அவை என்று நினைக்கிறேன். கொழுக்கட்டைப் புல் நன்றாகப் பிடித்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாவிலும் இதே புல் ஊடுருவி உள்ளூர்ச் செடிகளை அழித்துத் தீயைப் பெருக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தாயகம் இல்லாத இடத்தில் யாரும் கொண்டுபோய்ப் போடாதீர்கள். கினியாப் புல் மரத்தடியில் மட்டும் வந்திருக்கிறது. ரோய்கிராஸ் ஆங்காங்கே சில தூர்கள்தான். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும், அவசரப்பட முடியாது.

மேய்ச்சலுக்கு எப்போது திறப்பது என்று கேட்பவர்களுக்கு: முதல் கோடை முழுக்க வேலியை மூடி வையுங்கள், புல் பூத்து விதை உதிர்க்கட்டும். அதன் பிறகும் திறக்கும் முன், மாடு கடித்து இழுப்பது போல ஒரு தூரின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையில் வந்தால் மாட்டை விடலாம். தூர் வேரோடு வந்துவிட்டால் இன்னொரு மழைக்காலம் போகட்டும். எங்கள் தெற்குக் கேம்ப் இந்தச் சோதனையில் தேறியது. வடக்குக் கேம்ப்பை இன்னும் மூடித்தான் வைத்திருக்கிறோம்.