வேகமான ஓடையில் ட்ரவுட்டுக்கு எவ்வளவு ஈயம்?

ஏரியிலும் கால்வாயிலும் தூண்டில் போட்டுக் கெண்டையும் விராலும் பிடித்துப் பழகிய நண்பர்கள் நீலகிரிக்கு வந்தால், அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளின் வேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பையிலிருந்து எடுப்பது இரையை நீருக்குள் அமிழ்த்த நரம்பில் மாட்டும் ஈயக்குண்டுகளில் இருப்பதிலேயே பெரியதைத்தான். நீர் வேகமாக ஓடினால் கனம் கூட வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது; ஆனால் முழங்கால் ஆழத்துக்கு மேல் போகாத, கல் நிறைந்த ஓடையில் அந்தக் குண்டு விழுந்த இடத்திலேயே இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். சிக்காமல் நின்றுவிட்டாலும் பயனில்லை, ஏனென்றால் ஓடும் நீரில் ட்ரவுட் மீனுக்கு இரை என்பது நகர்ந்து வருவது.

இந்த மலையில் நாம் தேடுவது வானவில் ட்ரவுட். ட்ரவுட்டை இங்கு கொண்டுவர 1863இல் மீனியல் ஆய்வாளர் பிரான்சிஸ் டே தொடங்கிய முயற்சி கைகூடாமல் போக, 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் அமைத்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியே இங்கு நிலைபெற்ற மீன் அது. வேகமான நீரை விரும்பும் மீன்தான் என்றாலும் நாள் முழுவதும் வெள்ளத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. பாறையின் பின்னாலோ, சற்றே குழிந்த தரையிலோ, நீர் வரும் திசையைப் பார்த்தபடி நின்றுகொண்டு, தன் பக்கமாக அடித்துவரப்படுவதைத் தின்கிறது. ஓடையின் மேற்பரப்பில் நீர் எவ்வளவு விரைந்தாலும், கற்களோடு உராய்வதால் தரையை ஒட்டிய நீர் மெதுவாகவே நகரும். புழுவோ ஈயோ, முள்ளில் கோத்தது அந்த அடிநீரின் வேகத்திலேயே உருண்டு போக வேண்டும். அதற்குத் தேவையான கனம் எவ்வளவோ அவ்வளவுதான் ஈயம்.

என் தேர்வு, நரம்பைக் கவ்விக்கொள்ளும் பிளவுள்ள சிறு குண்டுகளை, தூண்டில் நரம்பிலிருந்து பிரியும் தனிக் கிளையில் மாட்டும் அமைப்பு. முதன்மை நரம்பின் நுனியில், அதைவிட மெல்லிய நரம்பு ஒன்றை முள்ளுக்காக முடிச்சிட்டுச் சேர்க்கும்போது, முடிச்சில் எஞ்சும் ஒரு வாலை வெட்டாமல் நான்கு விரல் நீளத்துக்கு விட்டுவிட வேண்டும். அந்த வாலின் நுனியில் ஒரு சிறு முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் குண்டுகளை மெதுவாகக் கவ்வ வைத்தால், ஈயம் கல்லிடுக்கில் மாட்டும்போது ஓர் இழுப்பில் குண்டுகள் மட்டும் வழுக்கிக் கழன்றுவிடும். முள்ளும் இரையும் தப்பும். முடிச்சிலிருந்து முள் வரை ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை போதும். இதைவிட நீளமாக விட்டால் ஈயம் தரையில் இருக்க, இரை மேலே மிதந்து மீனின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. நரம்பு ஊடுருவிச் செல்லும் துளைக்குண்டை நான் அணைகளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். எமரால்டு நீர்த்தேக்கத்தில் அது அருமையான பொருள், ஓடையில் வெறும் தொல்லை.

தொடங்குவதற்கு 0.4 கிராம் எடையுள்ள, கடைகளில் பிபி என்று கேட்டால் கிடைக்கும் குண்டு ஒன்று போதும். ஓடைக்குக் குறுக்கே, சற்று மேல்நோக்கி எறிந்து, கோலை உயர்த்திப் பிடித்து, இயன்றவரை நரம்பை நீரில் படியவிடாமல் இரையோடு கூடவே நகர்த்த வேண்டும். குண்டு அவ்வப்போது கல்லைத் தொட்டுத் தட்டுவது விரலுக்குத் தெரிந்தால் கனம் சரி. தட்டவே இல்லை என்றால் இன்னொரு குண்டு. இரண்டடிக்கு ஒரு முறை நின்றுபோனால் ஒன்றைக் கழற்றலாம். ஆனால் குண்டைக் கூட்டுவதற்கு முன் இரண்டு எட்டு மேலே ஏறி நின்று எறிந்து பாருங்கள், ஏனென்றால் பல சமயம் குறைவது கனமல்ல, இரை தரைக்கு இறங்கும் அவகாசம்தான். நரம்பு தடிமனாக இருந்தாலும் இதே சிக்கல் வரும்: தடித்த நரம்பை நீர் பிடித்துத் தள்ளும், அதை ஈடுகட்ட ஈயம் ஏறும், ஏறிய ஈயம் சிக்கும். மெல்லிய நரம்புக்கு மாறினால் பாதி ஈயத்தைக் குறைத்துவிடலாம் என்பது என் கணிப்பு.

முக்குருத்தி 1990 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. மற்ற ஓடைகளிலும் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டு, அனுமதி கிடைத்த இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும்.

கழன்று விழும் குண்டுகள் ஓடையிலேயே தங்குவதால், இப்போது வழக்கமான ஈயமான காரீயத்தை விட்டு வெள்ளீயத்துக்கு (டின்) மாறியிருக்கிறேன். கூழாங்கல் என்று நினைத்து ஈயக்குண்டுகளை விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987இல் சிறிய ஈய எடைகளைத் தடை செய்தார்கள். வெள்ளீயம் காரீயத்தைவிட எடை குறைந்தது. கன சென்டிமீட்டருக்குக் காரீயம் 11.3 கிராம் என்றால் இது 7.3 கிராம்தான். ஆகவே காரீயத்தில் இரண்டு குண்டு கேட்ட ஓட்டத்தில், அதே அளவுள்ள வெள்ளீயக் குண்டு மூன்று போட்டுத் தொடங்குகிறேன்.