கணவாய்க் காற்றும் பூம் மைக்கும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் எனப் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்துத் தமிழ் ஊர்களில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுள் சிலராவது ஆண்டுதோறும் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். கோவையில் அதே படிப்பை முதுநிலை வரை படித்துவிட்டு, இப்போது படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவன் என்பதால் கேட்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, விஸ்காம் சேர்ந்தா டைரக்டர் ஆயிரலாமுங்களா?" கேமராவைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு, எடிட்டிங்கைக் கேட்பவர்கள் குறைவு, ஒலியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே யாரும் கேட்காத அந்தப் பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

படிப்பின் பொதுவான போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலாண்டில் ஓவியம், புகைப்படம், தொடர்பியல் கோட்பாடுகள். இரண்டாமாண்டில் விளம்பரம், வானொலி, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கும் தொலைக்காட்சி ஸ்டூடியோ பயிற்சி. மூன்றாமாண்டில் குறும்படமும், ஏதாவது ஒரு சேனலிலோ தயாரிப்பு நிறுவனத்திலோ இன்டர்ன்ஷிப்பும். கல்லூரிக்குக் கல்லூரி தாள்களின் பெயர் மாறுமே தவிர வரிசை பெரிதாக மாறாது. நான் படித்த இடத்தில் ஒலிக்கு ஒரே ஒரு தாள்தான் இருந்தது. துறையிலிருந்த ஷாட்கன் மைக்கை வெளியே எடுக்க வேண்டுமானால் துறைத்தலைவரிடம் கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். கேமராவுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. விளைவு என்னவென்றால், மாணவர் குறும்படங்களில் பெரும்பாலானவை கேமராவின் மேலிருக்கும் சின்ன மைக்கிலேயே பதிவாகி, வசனம் கேட்காத இடங்களிலெல்லாம் பின்னணி இசை பூசப்பட்டு வெளிவந்தன. இது ஏதோ ஒரு கல்லூரியின் குறை மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு மாணவனும் மதிப்பளிப்பதில்லை, துறையும் மதிப்பளிப்பதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் படமெடுக்க வருபவர்கள் இதற்கான விலையை முதல் நாளிலேயே கொடுத்துவிடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், காற்றை ஒடுக்கி வேகம் கூட்டி அனுப்புகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் அது அடிக்கும். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் இந்தக் கணவாயின் புண்ணியத்தால்தான். அம்மியையே பறக்கவிடும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றுக்கு மைக் எம்மாத்திரம்?

மைக்கில் காற்று விழுவதற்கும் காற்றின் ஓசையை மைக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பனையோலை சலசலப்பது ஓசை. அது படத்துக்கு வேண்டியது. ஆனால் வீசும் காற்று மைக்கின் மெல்லிய படலத்தை நேரடியாகத் தள்ளும்போது எழும் கடகடப்பு எந்தக் காதும் கேட்காத ஒன்று, மைக்குக்குள்ளேயே பிறப்பது. தொலைவிலிருக்கும் குரலைக் குறிவைத்துப் பிடிக்கும் ஷாட்கன் மைக் இதற்கு மிக எளிதில் இரையாகும். அதனால்தான் அதற்கு ஒரு கூண்டும், கூண்டின்மேல் நீண்ட ரோமம் வைத்த உறையும் போடுகிறோம். ரோமத்தில் பட்டுக் காற்றின் வேகம் உடைந்துவிடும், குரல் மட்டும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் கீழ்ச்சுருதிக் கடகடப்பை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். அதற்கு மேலே வெட்டப் போனால் ஆண்குரலின் அடிச்சுருதியும் சேர்ந்து போய், பேசுபவர் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப்போல ஆகிவிடும்.

இதைவிட முக்கியமானது தொலைவு. திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். சுற்றுப்புற இரைச்சலோ அப்படியே இருக்கும். பூம் எனப்படும் நீண்ட கோலின் நுனியில் மைக்கை மாட்டிப் பிடிப்பவர் ஃப்ரேமின் விளிம்பை உரசிக்கொண்டு நிற்பதும், கேமராமேனோடு ஓயாமல் மல்லுக்கட்டுவதும் இந்த ஒரு கணக்குக்காகத்தான். என்ன விலைக்கு மைக் வாங்கினாலும் அதைத் தள்ளி வைத்துவிட்டால் பயனில்லை.

முதுநிலையின் இறுதித் திட்டமாக நாங்கள் எடுத்தது கள்ளிறக்குபவர்களைப் பற்றிய ஆவணப்படம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்க, எல்லைக்கு இந்தப் பக்கம் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. எங்களுக்கு ஒப்புக்கொண்டவர் என் அப்பாவின் கூட்டாளி. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மரத்தின் உச்சியில் அவர் பாளையை எலும்பால் மெல்லத் தட்டுவார், பிறகு கத்தியால் நுனியைச் சீவுவார். தட்டுவது பெரிய ஓசை அல்ல. கதவை ஒரு விரலால் தட்டுவதைப்போல மந்தமாக, ஒரே சீராக வரும். படத்தின் உயிரே அந்த ஓசைதான் என்று எனக்குத் தோன்றியது.

கீழே நின்று பதிவுசெய்து பார்த்தபோது இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. ஒன்று, வழக்கம்போலக் காற்று. மற்றொன்று, எலும்பு பாளையில் படுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஓசை வந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் அது கடப்பது 14 மீட்டர்தான். உயரமான தென்னையின் உச்சிக்கும் அடியிலிருக்கும் மைக்குக்கும் நடுவே அந்தத் தொலைவு வந்துவிடுகிறது. வகுப்பறையில் வெறும் எண்ணாகப் படித்த ஒலிவேகம் எடிட்டிங் டைம்லைனில் ஒரு ஃப்ரேம் பிசகாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தப் பாடத்தின்மேல் உண்மையான ஆசை பிறந்தது. பிறகு சிறிய ரெக்கார்டர் ஒன்றை மாமாவின் இடுப்புக் கச்சையிலும், காலர் மைக்கை அவருடைய தலைத்துண்டின் மடிப்புக்குள்ளும் வைத்தோம். துண்டே காற்றுக்கு உறையாகிவிட்டது. காற்று அடங்கும் நேரத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. "காத்த நிறுத்தறதுக்கு நம்மளால ஆகாது கண்ணு. விடியறதுக்கு முன்னால வந்துரு, அப்ப ஓலகூட அசையாது" என்றார். அன்றிலிருந்து அதிகாலை முழுவதும் ஒலிக்கு, வெயில் ஏறிய பிறகு படத்துக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

அந்தப் பதிவுகளில் இன்னொன்றும் கிடைத்தது: மாமாவின் பேச்சு. கொங்குத் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் முட்டிக்கொள்ளாமல் புழங்கும் எங்கள் ஊர்ப் பேச்சை டப்பிங் தியேட்டரில் மறுபடி பேசவைத்து வாங்கிவிட முடியாது. தமிழ் சினிமாவில் நெடுங்காலமாகப் படப்பிடிப்பில் பதிவாகும் குரல் வெறும் பைலட் ட்ராக், அதாவது வழிகாட்டிப் பதிவு. பின்னால் டப்பிங்கில் அதை அடித்துவிட்டுப் புதிதாகப் பேசுவார்கள். கேமராவின் இரைச்சல், தளத்துக் கூச்சல், மொழி தெரியாத நடிகர்கள் என்று அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் இந்தப் பக்கத்து மனிதர் ஒருவரைப் படத்தில் காட்டும்போது டப்பிங் என்ன செய்கிறது? மூச்சிரைப்பும் தயக்கமும் பாதியில் விழுங்கிய சொல்லும் போய், மேடைப்பேச்சின் சுத்தம் வந்துவிடுகிறது. சினிமாவில் எல்லைத் தமிழன் பெரும்பாலும் கேலிக்குரியவனாகவே ஒலிப்பதற்கு எழுத்தாளர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது என்பது என் எண்ணம். தளத்திலேயே பதிவுசெய்யும் சிங்க் சவுண்டுக்கு, ஒரு மெய்யெழுத்து விழுங்கப்பட்டால் ஹெட்போனில் உடனே கண்டுகொண்டு இன்னொரு டேக் கேட்கும் காது வேண்டும். இரண்டு மொழிகளையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் காது பிறவியிலேயே இருக்கிறது.

எல்லை தாண்டிப் போய் வேலை செய்வதில் புதுமையும் இல்லை. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் தயாரிப்பாக வெளிவந்தது. கோடம்பாக்கம் முழுமையாகத் தலையெடுக்கும் முன்பே கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. அதன் பிறகும் பல்லாண்டுகள் மலையாளப் படங்கள் சென்னையில்தான் உருவாயின. இன்று கொல்லங்கோட்டிலும் நெல்லியாம்பதியிலும் பொள்ளாச்சியிலும் நடக்கும் படப்பிடிப்புகளில் இரு மாநிலத் தொழிலாளர்களும் கலந்தே நிற்கிறார்கள்.

ஒலியைத் தனிப்பாடமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு வழிகள் இருக்கின்றன: 1960-இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரி, கல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனம், கோட்டயம் மாவட்டத்தில் 2014-இல் தொடங்கிய கே.ஆர். நாராயணன் நிறுவனம், சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படக் கல்லூரி. ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் ஒலிப்பதிவு படித்தவர்தான். இவற்றில் இடம் கிடைப்பது எளிதன்று. நுழைவுத்தேர்வு உண்டு, இடங்களோ மிகக் குறைவு. கிடைக்காதவர்கள் விஸ்காமிலேயே சேரலாம், தவறில்லை. ஆனால் சேரும் முன் துறையைப் போய்ப் பார்த்து, மைக் எத்தனை இருக்கிறது, அதை மாணவர் கையில் எப்போது தருவார்கள், குறும்படத்தின் ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கை யார் திருத்துகிறார்கள் என்று கேளுங்கள். கேமராவைக் காட்டிப் பேச்சை மாற்றினால் வேறு கல்லூரி பாருங்கள்.

சேர்ந்த பிறகு ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச்சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதிவுசெய்து வையுங்கள். ரூம் டோன் என்று சொல்லப்படும் அது இல்லாமல் இரண்டு வசனங்களுக்கு இடையிலான வெட்டை மறைக்க முடியாது. வேலை கேட்டுப் போகும்போது இசை போட்ட ஷோரீலை, அதாவது உங்கள் வேலையின் மாதிரித் தொகுப்பை, அனுப்பாதீர்கள். இசையே இல்லாத இரண்டு நிமிடக் காட்சியை, வசனமும் சூழல் ஓசையும் மட்டுமாக அனுப்புங்கள். என்னைச் சேர்த்துக்கொண்ட ஒலிப்பதிவாளர் கேட்டதும் அதைத்தான். நான் அனுப்பியது பாளை தட்டும் காட்சி.