இட்ட டேக்கை நகர்த்தாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் அலுவலகங்களில் சாயங்காலம் தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "டேக் போட்டாச்சா?" டேக் என்பது, நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், ஒரு குறிப்பிட்ட நிலைக்கு '1.4.0' போன்ற பெயரை ஒட்டும் அடையாளம். கட்டளை ஒற்றை வரிதான். ஆனால் திறந்த மூலத் திட்டத்தில் டேக் ஒருமுறை வெளியே போய்விட்டால் அது நம்முடையது அல்ல, இறக்கிக்கொண்டவர்களுடையது.

வழக்கமாக நடக்கும் தவறு இதுதான். 1.4.0 என்று டேக் இட்டுப் புஷ் செய்த (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிய) பிறகு, பதிப்பு எண் கோப்பில் இன்னும் 1.3.9 இருப்பது தெரிகிறது. உடனே டேக்கை அழித்து, கோப்பைத் திருத்தி, அதே எண்ணில் மறுபடி இடுகிறார்கள். நம் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். முதல் டேக்கை ஏற்கெனவே இழுத்தவரிடமோ பழையதே நிற்கும், கிட் 2.20இலிருந்து, கையில் உள்ள டேக்கை ஃபெட்ச் (புதியவற்றை இறக்கும் கட்டளை) தானாக மாற்றி எழுதாது. ஒரே எண்ணுக்கு இரண்டு நிரல்கள். கோ மொழியில் இன்னும் கடுமை: பொதுப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கான செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் குறியீடு) ஏறிவிட்டால், மாற்றிய நிரலை இறக்குபவருக்குச் செக்சம் பொருந்தவில்லை என்ற பிழைதான் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம் அதே எண்ணை இரண்டாம் முறை ஏற்காது. பரிகாரம் எளிது, 1.4.1 வெளியிடுங்கள். எண்ணுக்கு என்ன பஞ்சம்?

டேக் நகரக்கூடியது என்பதைத் தாக்குபவர்களும் அறிவார்கள். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் திட்டத்தின் 'சேஞ்ச்டு-ஃபைல்ஸ்' கருவியில் பல டேக்குகளை ஒரு தீய கமிட்டுக்கு (பதிவான நிரல் மாற்றத்துக்கு) திருப்பிவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய திட்டங்களின் ரகசியச் சாவிகள் பில்டு (நிரலைத் தானாகக் கட்டமைக்கும் வேலை) பதிவுகளில் அச்சாயின. பிறர் கருவியை டேக் பெயரால் அழைக்காமல், கமிட்டின் 40 எழுத்து ஹாஷால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளத்தால்) அழைப்பது அதனால்தான்.

வெளியீட்டுக்கு அனோடேட்டட் டேக்கே வேண்டும். அதில்தான் இட்டவர் பெயர், தேதி, செய்தி, விரும்பினால் கையொப்பமும் இருக்கும். வெறும் பெயர் மட்டுமான லைட்வெயிட் டேக்கை, அண்மைய டேக்கைச் சொல்லும் 'டிஸ்கிரைப்' கட்டளை இயல்பாகக் கண்டுகொள்ளாது. பதிப்பு எண்ணை 'டிஸ்கிரைப்' சொல்வதிலிருந்து எடுக்கும் பில்டு முந்தைய எண்ணையே காட்டும். இன்னொன்று, சாதாரண புஷ் டேக்கைக் கொண்டுபோகாது. எல்லா டேக்கையும் ஒரேயடியாகத் தள்ளினால் சோதனைக்கு இட்டவையும் சேர்ந்து போகும். பெயர் சொல்லி ஒன்றை மட்டும் தள்ளுங்கள்.

முன்னால் 'வி' சேர்ப்பதா வேண்டாமா? பதிப்பு எண்களுக்கான விதிமுறையான செம்வெர் 2.0.0 கணக்கில் 'வி' பதிப்பு எண்ணின் பகுதி அல்ல, டேக் பெயரில் வைக்கும் வழக்கம் மட்டுமே. கோ மொழியில் அது கட்டாயம். மற்ற இடங்களில் எதுவானாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

அதிகம் சறுக்குவது முன்வெளியீட்டுப் பெயர்களில். ஆர்சி என்பது இறுதிக்கு முந்தைய சோதனை வெளியீடு. 'ஆர்சி2', 'ஆர்சி10' என்று ஒட்டி எழுதினால் செம்வெர் அவற்றை எழுத்து வரிசையில் ஒப்பிடும். பத்தாவது, இரண்டாவதற்கு முன்னால் போய் நிற்கும். புள்ளி வைத்து 'ஆர்சி.10' என்றால்தான் எண்ணாகக் கொள்ளும். கிட்டின் பதிப்பு வரிசைப்படுத்தலோ, தனியாக அமைத்துச் சொல்லாவிட்டால் 1.5.0-க்குப் பின்னால்தான் அதன் ஆர்சியைப் பட்டியலிடும். "கடைசி டேக்கை எடு" என்று எழுதிய ஸ்கிரிப்ட் ஆர்சியைத் தூக்கிக்கொண்டு போவது இப்படித்தான். டெபியன் லினக்ஸின் பொதிக்கு மாற்றும்போது இணைப்புக்கோட்டுக்கு (-) பதில் '~' குறி வேண்டும். அதுதான் இறுதி வெளியீட்டுக்கு முன்னால் வரிசைப்படும்.

உபுண்டு 24.04 (2024 ஏப்ரல்) போலத் தேதியை எண்ணாக்கும் திட்டங்களில் மலேசியாவிலிருந்து வேலை செய்பவர்கள் நேர மண்டலத்தைப் பார்க்க வேண்டும். நாம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால் இருக்கிறோம். பில்டு இயந்திரங்கள் பெரும்பாலும் பொது நேரத்தில் ஓடுகின்றன. கோலாலம்பூரில் மே 1 காலை 7 மணிக்குத் தானாக உருவாகும் டேக்கில் ஏப்ரல்தான் இருக்கும். ஸ்கிரிப்டில் நேர மண்டலத்தை வெளிப்படையாக எழுதிவையுங்கள், பங்களிப்பாளர் கையேட்டிலும் குறிப்பிடுங்கள்.