ஸ்நார்க்கி பப்பி வளர்ந்த கதை

இந்த வாரம் முழுக்கக் காதில் ஸ்நார்க்கி பப்பிதான். 2004-இல் டெக்சஸின் டென்டன் நகரில், ஜாஸ் படித்த மாணவர்களைச் சேர்த்து பாஸ் கிடார் கலைஞர் மைக்கேல் லீக் தொடங்கிய குழு. ஆரம்பத்தில் கணக்குச் சுத்தமான ஜாஸ். அப்புறம் டல்லாஸின் தேவாலய இசைக்காரர்களோடு பழக்கமானது. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த கீபோர்டு கலைஞர் பெர்னார்ட் ரைட் வழிகாட்டியானார். ஃபங்க், சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசை வகைகள் உள்ளே வந்தது அப்படித்தான். படிப்பு கற்றுத்தராத ஆட்டத்தை டிரம்ஸில் கேட்கலாம்.

பெரிய இசைக் கம்பெனி ஆதரவு கிடையாது. வேனில் ஊர் ஊராகப் போனார்கள். ரசிகர்களை ஸ்டுடியோவுக்குள்ளேயே உட்காரவைத்து, ஆளுக்கொரு ஹெட்ஃபோன் கொடுத்து, நேரடியாகப் பதிவு செய்தார்கள். நல்ல யோசனை! ஸ்பீக்கர் வைத்தால் அந்தச் சத்தமும் மைக்கில் புகுந்துவிடுமே. அந்த வீடியோக்கள் யூடியூபில் பரவின. 2014-இல் பாடகி லாலா ஹாத்தவேயுடன் வாசித்ததற்கு முதல் கிராமி விருது, அதுவும் ஜாஸில் இல்லை, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பிரிவில். அதில் அவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களை எழுப்புவார். வாசிப்பவர்களின் முகங்களைப் பாருங்கள்!

பின்னால் வந்த ஆல்பங்களில் மெருகு கொஞ்சம் அதிகம். சரி, ரசனை அவரவருக்கு. எனக்கு அந்த ஹெட்ஃபோன் காலம்தான். உங்களுக்கு?