விளக்கு வந்தது, காசு எப்படி வந்தது?

உலகில் இன்னமும் ஏறக்குறைய 70 கோடிப் பேர் மின்சாரம் இல்லாமல் இருக்கிறார்கள். விறகு, கரிப் புகையில் சமைப்பவர்கள் 200 கோடிக்கும் மேல். இந்த நிலையை மாற்றும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது என்றதும் பலருக்கும் புதுவகை சோலார் தகடுதான் நினைவுக்கு வரும். எனக்கு கென்யா.

அங்கே 2007-ல் எம்-பேசா என்ற கைபேசிப் பணச்சேவை வந்தது. அதன் ஆரம்ப முயற்சிக்கு பிரிட்டிஷ் அரசின் உதவி நிதியும் கொஞ்சம் போயிருந்தது. மின்சாரத்துக்கும் அதற்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை. அப்புறம் சில வருடங்களில் அதே சேவை வழியாகத் தினத் தவணை கட்டி வீட்டுக்கு சோலார் வாங்க ஆரம்பித்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் போய்க்கொண்டிருந்த சில்லறை தவணைக்குத் திரும்பியது, அவ்வளவுதான். பணம் கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் சோலார் பெட்டி மின்சாரம் தராமல் தானே பூட்டிக்கொள்ளும். (கறாரான ஏற்பாடு. எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.)

அடுப்பு விஷயம்தான் இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. ஆய்வகத்தில் புகை குறைந்த அடுப்பு, வீட்டில் ஈர விறகை வைத்ததும் பழையபடி புகைகிறது. எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணுவது சுலபம். ஆறு மாதம் கழித்து அது எரிகிறதா, மூலையில் கிடக்கிறதா என்று போய்ப் பார்க்கவும் யாராவது காசு ஒதுக்குங்களேன்.